நான்கு துளைகள்

மே 27

நேற்று ராத்திரி முன்னறை ஜன்னலைச் சாத்தப் போனபோது காலுக்குக் கீழே பலகை அமுங்கியது. உடையவில்லை, சத்தமும் வரவில்லை. நன்றாக வெந்த மரவள்ளிக்கிழங்கை விரலால் அழுத்தினால் உள்வாங்குமே, அப்படி உள்வாங்கியது. காலை எடுத்தேன். மெதுவாக எழும்பி வந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் தரை பளபளவென்று இருக்கிறது. தைப்பொங்கலுக்குப் பூசிய மெழுகு இன்னும் போகவில்லை.

வெளியே பதினோராம் நாள் மழை. எங்கள் ஊரான புளத்கொகுபிட்டியவில் மே பிறந்துவிட்டால் மழைச் சத்தம் காதில் ஏறாது. அது நின்றால்தான் ஆட்கள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள்.

மே 28

பலகைத் தரை எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமில்லாதது. நான் பிறந்த தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பரா 10க்கு 12 அடி. சாணி மெழுகிய மண் தரை. பிறகு சிமெந்து வந்தது. அது வெடிக்கும், ஊறும், மழைக்காலத்தில் பாயை நனைக்கும். உளுத்துப் போக அதில் ஒன்றும் இல்லை.

பலகைத் தரை துரை பங்களாவில் இருந்தது. அம்மா அங்கே வேலை செய்தார். பாதித் தேங்காய் மட்டையைக் காலுக்கடியில் வைத்து, ஒரு காலில் நின்றுகொண்டு மற்றக் காலால் தேய்ப்பார். முகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். ராத்திரி எங்களைக் கால் பிடித்துவிடச் சொல்வார். எப்போதும் வலது கால்தான்.

இந்த வீடு ஒரு காலத்தில் றப்பர்த் தோட்டத்துச் சின்னத்துரையின் வீடாக இருந்தது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பிறகு கைமாறிக் கைமாறி, கடைசியில் ஒரு பள்ளிக்கூட மாஸ்டரின் ஓய்வுக் காசுக்குள் அடங்கும் அளவுக்கு இளைத்து என்னிடம் வந்தது. பின்பக்கம் மலையோடு ஒட்டியிருக்கிறது. முன்பக்கம் சரிவில் மூன்றடி உயரக் கருங்கல் சுவரில் நிற்கிறது. அந்த மூன்றடி வெற்றிடத்துக்கு மேலேதான் பலகை.

குடிவந்த அன்று அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். வலது காலால் பலகையை ஒரு தரம் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 2

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்து ஓய்ந்த பாஸ் அண்ணன் வந்தார். தேயிலை ஸ்டோர்களின் மேல்மாடியெல்லாம் பலகைத் தரைதான்; பச்சைக் கொழுந்தை வாட்டும் இடம். பலகை கெடுவதை அவர் அளவுக்குப் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு.

வந்தவர் திருப்புளியின் பிடியால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல பலகை 'டங்' என்றது. ஜன்னலோரம் வந்ததும் 'தொப்' என்றது. திருப்புளியைத் திருப்பிப் பிடித்துக் குத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் இரண்டு அங்குலம் இறங்கியது.

மூன்று பலகைகளைக் கழற்றினோம். முதலில் வாசனைதான் வந்தது. காளான் பறிக்கப் போகிற காலையில் காட்டுக்குள் அடிக்கும் அதே வாசனை, வீட்டுக்குள் அடித்தால் ஏனோ பயமாக இருக்கிறது. டோர்ச் அடித்தோம். பலகையின் அடிப்பக்கத்தில் வெள்ளை நூல் விசிறிபோல் பரந்து கிடந்தது. குறுக்குச் சட்டம் சுவருக்குள் நுழையும் இடத்தில் கறுத்து, கட்டம் கட்டமாக வெடித்து, அடுப்பில் பாதி எரிந்து அணைந்த விறகுபோல் இருந்தது. ஒரு கட்டத்தைப் பிய்த்து விரல்களுக்கிடையில் தேய்த்தேன். மூக்குப்பொடியாகப் போய்விட்டது. நகக்கண்ணில் இன்னும் பழுப்பாக இருக்கிறது.

"கரையான் இல்ல மாஸ்டர். கரையான்னா மண் கட்டிக்கிட்டு வரும். இது தண்ணி குடிச்சுக் குடிச்சு உள்ளுக்கே இத்துப் போயிருக்கு" என்றார்.

பிறகு குனிந்து அந்த இருட்டுக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காத்து எங்கிட்டுப் போகுது, மாஸ்டர்?"

தேத்தண்ணி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.

ஜூன் 5

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது ட்ரை ரொட்" என்றார். துரைமார் காலத்தில் பங்களா பழுதுபார்க்கும் செலவுக் கணக்கில் அவர் கையாலேயே எத்தனையோ தரம் எழுதிய சொல். உலர்ந்த அழுகல் என்று அர்த்தம். ஈரத்தில் நடந்த வேலைக்கு உலர்ந்தது என்று ஏன் பெயர்? தின்று முடித்த பிறகு மரம் காய்ந்து பொடியாகக் கிடக்கும். கண்டுபிடிக்கும்போது கையில் படுவது அந்தப் பொடிதான். வந்து போனவனை விட்டுவிட்டு, அவன் விட்டுப்போனதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. கரையான் தின்றால் செல்லரித்தது. வண்டு துளைத்து மாவு கொட்டினால் உளுத்தது. ஈரம் சொட்டச் சொட்டக் கெட்டால் அழுகியது. மண்ணோடு மண்ணாகப் போனால் மக்கியது. உருவம் அப்படியே இருக்க, உள்ளே பலம் மட்டும் போய்விட்டால் இற்றது. பாஸ் அண்ணன் ஒரு கணமும் யோசிக்காமல் கடைசிச் சொல்லை எடுத்தார். அவர் எடுத்ததுதான் சரி.

ஜூன் 11

மரத்தை இப்படி இற்றுப்போகச் செய்வது பூஞ்சணம். ஆனால் கிளாக்கர் சொன்ன பெயருக்கு உரிய பூஞ்சணம் வேறு. அதன் விஞ்ஞானப் பெயர் செர்புலா லாக்ரிமான்ஸ். இரண்டாம் சொல்லுக்குக் கண்ணீர் விடுவது என்று பொருள். மரத்தைத் தின்னும்போது கிடைக்கும் தண்ணீரைத் துளித்துளியாக வெளியே விடும். அது குளிர்நாட்டு ஆள். 20 பாகை செல்சியஸ் அளவில் செழிக்கும், 26ஐத் தாண்டினால் தளர்ந்துவிடும். இமயமலைக் காடுகளில் அது காட்டுயிராகவே இருக்கிறது. எங்கள் ஊர் வெக்கையில் அதற்கு வாழ்வில்லை. என் தரையைத் தின்றது அதன் சூட்டு நாட்டுச் சொந்தக்காரர்களில் யாரோ.

ஆனால் தின்னும் முறை ஒன்றுதான். மரத்தில் செலுலோஸ் என்ற நார் இருக்கிறது. அதைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்ற பழுப்புப் பொருளும் இருக்கிறது. இந்த வகைப் பூஞ்சணம் நாரைத் தின்றுவிட்டுப் பழுப்பைப் பெரும்பாலும் மிச்சம் வைக்கும். நார் போன மரம் சுருங்கும், சுருங்கியது கட்டம் கட்டமாக வெடிக்கும். இதற்கெல்லாம் மரத்தில் ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதன் நூற்றுக்கு 20க்குக் கீழே இருக்கும்வரை எந்தப் பூஞ்சண வித்து வந்து விழுந்தாலும் சும்மா கிடக்கும். வித்து எங்கள் காற்றில் எப்போதும் உண்டு. அதைத் தடுக்க யாராலும் முடியாது. மனிதனால் தடுக்கக்கூடியது தண்ணீர் ஒன்றுதான்.

ஜூன் 19

மழை.

பாஸ் அண்ணனின் சிங்கள நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு "திரலா" என்றார். இற்றுப் போயிருக்கிறது என்று அர்த்தம். சாப்பாடு செமிப்பதற்கும் சிங்களத்தில் அதன் பக்கத்துச் சொல்தான்: திரவனவா.

யோசித்துப் பார்த்தால் நம் பக்கமும் அப்படித்தான். வயிற்றில் நடப்பது ஜீரணம். மாரியம்மன் கோயில் கும்பாபிஷேக நோட்டீஸில் ஜீர்ணோத்தாரணம் என்று போடுகிறார்களே, பழுதாகிப் போனதைத் திரும்பத் தூக்கி நிறுத்துவது, அதிலும் அதே ஜீர்ணம். செமித்ததும் பழசானதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. என் வீட்டுத் தரையை ஒருவர் செமித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அது சாப்பாடு, எனக்கு வீடு.

ஜூலை 3

பூஞ்சணத்தின் மேல் கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. 1869இல் இந்த இலங்கைத் தீவின் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் பொடி படிந்தது. அதுவும் ஒரு பூஞ்சணம்தான். இருபது வருஷத்துக்குள் கோப்பியை முடித்துவிட்டது. அந்த இடத்தில் தேயிலை ஏறியது. இந்தத் தாழ்ந்த மலைகளில் றப்பரும் ஏறியது. முதல் றப்பர்க் கன்றுகள் 1876இல் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்திறங்கியவை. கோப்பிக்குப் பருவத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள் எங்கள் ஆட்கள். தேயிலைக்கு வருஷம் முழுவதும் கை வேண்டும். போய்வந்தவர்கள் தங்கினார்கள். தங்கியவர்களுக்கு லயம் கட்டப்பட்டது. அந்தப் பொடி இலையில் விழாதிருந்தால் என் பாட்டன் இங்கே தங்கியிருக்கவும் மாட்டார், இந்தப் பலகையில் நான் கால் வைத்திருக்கவும் மாட்டேன்.

ஜூலை 9

கப்பல்காரர்களுக்குத்தான் மரம் இற்றுப்போகும் இந்த நோயின் முழு விலை தெரியும். 1810இல் கடலில் இறக்கிய குயின் ஷார்லட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், ஒரு சண்டைக்கும் போகுமுன் உள்ளே இற்றுவிட்டது. பச்சை மரத்தை அவசரத்தில் அறுத்துக் காற்றுப் போகாமல் அடைத்துக் கட்டியதற்குக் கிடைத்த பலன். ஏழு வருஷம் கழித்து, 1817இல், பம்பாயில் வாடியா குடும்பத்தின் தளத்தில் தேக்கில் ஒரு கப்பல் கட்டினார்கள். நம்முடைய திருகோணமலையின் பெயரை அதற்கு வைத்தார்கள். அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது.

தேக்குக்கு உடம்பிலேயே எண்ணெய் உண்டு. என் தரை பெரும்பாலும் பலா; பலாவும் நின்று பிடிக்கும் மரம்தான். ஜன்னலோரத்தில் மட்டும் முன்னிருந்தவர் யாரோ மூன்று றப்பர்ப் பலகைகளைச் செருகியிருக்கிறார். மருந்தூட்டாத றப்பர்ப் பலகைக்குச் சொந்த எதிர்ப்பு எதுவும் கிடையாது. பால் வற்றிய மரத்தைத் தறித்து ஸ்டோர் அடுப்புக்கு விறகாக அனுப்புவார்கள். அந்த மூன்று பலகைகள்தான் முதலில் போயிருக்கின்றன. ஆனால் பக்கத்துப் பலாச் சட்டமும் போய்விட்டதே, அதற்குக் காரணம் பலகையில் இல்லை.

ஜூலை 22

காத்து எங்கிட்டுப் போகுது என்று பாஸ் அண்ணன் கேட்ட கேள்விக்கு இன்று பதில் எழுதுகிறேன்.

2016 மே 17. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே மழையில் எங்கள் பக்கம் களுபஹன தோட்டத்தில் லயத்தில் இருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அதற்குப் பிறகு பல மாதம் இந்த ஊரில் யாரும் மழை ராத்திரியில் ஒழுங்காகத் தூங்கவில்லை. கூரையில் விழுகிற தண்ணீர் சத்தம் போடும். மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீர் சத்தம் போடாது. அந்தச் சத்தமில்லாததைத்தான் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம், கருங்கல் சுவரில் இருந்த துளை ஒன்றின் வழியாக ஒரு புடையன் பாம்பு உள்ளே வந்து, பலகை இடுக்கால் முன்னறைக்கு ஏறிவிட்டது. என் பேத்திக்கு அப்போது இரண்டு வயது. அவளுடைய பாயிலிருந்து நான்கு முழம்.

அடுத்த நாள் காலை அரை மூடை சிமெந்து குழைத்தேன். சுவரில் ஒவ்வொன்றும் ஒரு செங்கல் அளவில் நான்கு துளைகள். எதற்கு வைத்தார்கள் என்று ஒரு தரமும் யோசிக்கவில்லை. பாம்பு வரும் வழி என்று மட்டும் தெரிந்தது. நான்கையும் அடைத்தேன். கரண்டியால் மட்டமாகத் தேய்த்து, மேலே வெள்ளையும் அடித்தேன். நல்ல வேலை செய்தேன் என்ற திருப்தியில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

பலகைக்கு அடியில் இருந்த இருட்டு அன்றோடு மூச்சை நிறுத்தியது.

ஆகஸ்ட் 4

பைபிளில் லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில் வீட்டுக்கு வரும் குஷ்டத்தைப் பற்றி ஒரு சட்டம் இருக்கிறது. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிந்த கறை கண்டால் வீட்டுக்காரன் ஆசாரியனிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் வந்து பார்த்து வீட்டை 7 நாள் பூட்டுவார். திரும்பி வந்து பார்க்கும்போது கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே போட்டு, சுவரைச் சுரண்டி, வேறு கல் வைத்துப் பூச வேண்டும். மறுபடியும் வந்தால் வீட்டையே இடிக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த 7 நாள். கண்டவுடன் கை வைக்காமல் முதலில் பார்க்கச் சொல்கிறது. நான் பாம்பைக் கண்டேன், உடனே கை வைத்தேன்.

பாஸ் அண்ணனும் இப்போது கை வைக்க மாட்டேன் என்கிறார். "மழையில புதுச் சட்டம் போட்டா அதையும் சேர்த்துத் தின்னுடும். தை பிறக்கட்டும். அதுவரைக்கும் கானைப் பாருங்க." துளைகளை அடைத்த கதையை நான் சொன்னதும், அந்த நான்கை மட்டும் அன்றே உளியால் உடைத்துத் திறந்துவிட்டார். முதல் துளை திறந்ததும் உள்ளேயிருந்து வந்த காற்றுக் குளிராக இருந்தது, பழைய கிணற்றை எட்டிப் பார்த்தால் முகத்தில் படுவதுபோல.

ஆகஸ்ட் 12

கான் வெட்டினேன். வீட்டுக்குப் பின்னால், மலைத் தண்ணீரைத் திருப்பிவிடத் தோட்டக்காலத்தில் வெட்டிய கான். றப்பர் மரம் வருஷா வருஷம் மாசி வாக்கில் ஒட்டுமொத்தமாக இலை உதிர்க்கும். அந்த இலைகள் பல வருஷமாக இறங்கி மக்கிக் கானே மேடாகிவிட்டது. தண்ணீர் தன் பாட்டில் வீட்டுக்கு அடியால் போயிருக்கிறது. கூரைப் பீலியிலும் ஒரு ஓட்டை. கணக்காக அந்த இற்ற சட்டத்துக்கு மேலே.

இரண்டு வேலைக்கும் மொத்தம் மூன்று நாள் போனது. இதைத் தள்ளிப்போட்ட வருஷங்களில் தரைக்கு எத்தனை தரம் மெழுகு பூசினேன் என்று எண்ணிப் பார்த்தேன். பாம்பைக் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது.

ஜனவரி 20

சுள்ளென்று அடிக்கிற வெயில். பாஸ் அண்ணன் வேலை தொடங்கினார்.

புதிய பலா கிடைப்பது சுலபமில்லை. பலா தறிக்க அரசாங்க அனுமதி வேண்டும். உடைத்த பழைய வீடொன்றின் கூரைச் சட்டங்களை வாங்கினோம். காய்ந்து காய்ந்து இரும்பாகியிருந்தன. ஆணி அடித்தால் ஆணி வளைந்தது.

கெட்டது எங்கே முடிகிறதோ அங்கே அவர் வாளை வைக்கவில்லை. கண்ணுக்கு நல்லதாகத் தெரிகிற மரத்திலும் இன்னும் ஒன்றரை அடி தள்ளி அறுத்தார். "கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே அது அங்க போயிருக்கும், மாஸ்டர்." அறுத்த முனைக்கும் புதுச் சட்டத்துக்கும் போரிக் அமிலமும் வெண்காரமும் வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் இரண்டு தரம் பூசினார். கரம் போர்ட்டில் தூவுகிற அதே போரிக் பவுடர். பேத்தி பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு இப்போது அந்தப் பாம்பு ஞாபகமில்லை.

சட்டத்தின் முனை இனிச் சுவருக்குள் போகாது. சுவருக்கு நான்கு விரல் விட்டு, செங்கல் தூண் கட்டி, மேலே தார்த்தகடு விரித்து அதில் உட்கார்ந்திருக்கிறது. கருங்கல் குடித்த தண்ணீர் மரத்துக்கு ஏறாது.

கழித்த மரத்தை வாசலில் போட்டுக் கொளுத்தினோம். நல்ல விறகுபோல் நின்று எரியவில்லை. காகிதம்போல் போய்விட்டது.

பிப்ரவரி 6

தரை முடிந்தது. புதுப் பலகைகள் நிறம் ஒட்டாமல், ஒட்டுப்போட்ட சட்டைபோல் தெரிகின்றன. மெழுகு பூசவில்லை. இந்த வருஷம் வெறும் பலகையாகவே இருக்கட்டும்.

பலகை வீட்டில் இருப்பவர்கள் மழைக்கு முன்னால் ஒரு தரம் வீட்டைச் சுற்றி நடந்து, சுவரின் அடியில் துளைகள் எங்கே இருக்கின்றன, எத்தனை இருக்கின்றன, திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வாழைச்சருகு மூடியிருக்கலாம், மண் ஏறியிருக்கலாம். என்னைப் போல் ஒருவர் சிமெந்து பூசி வெள்ளையும் அடித்திருக்கலாம். பாம்புக்குப் பயமென்றால் கம்பிவலை போதும். ஒரு துளைக்கு ஒரு சாண் வலை.

என் வீட்டில் நான்கு துளைக்கும் வலை அடித்தாயிற்று. சாயங்காலம் முன்னறையில் பாய் விரித்துப் படுத்தால் பலகை இடுக்கில் மெல்லிய காற்று வருகிறது. மழைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.